காலை ஒன்பது மணிக்கு மூடிய ஜன்னல்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம். முன்மேசையில் இருப்பது விண்டோஸ். ஸ்கேனரும் கைரேகைக் கருவியும் அதில்தான் மாட்டியிருக்கிறது. உள்ளே சுவரோரமாக இருப்பது நான் செகண்ட்ஹேண்டில் வாங்கின ஐ3 கம்ப்யூட்டர். எட்டு ஜிபி ராம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளம். பகலில் அதில் கல்யாணப் பத்திரிகை டிசைன் நடக்கும். ராத்திரி ஷட்டரை இறக்கின பிறகு அது தனியாக உட்கார்ந்து படிக்கும்.

படிக்கும் என்றால் உண்மையாகவே படிக்கும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "எம்மா, எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது. ஒரு சொல்லைத் தட்டுனா அது எந்தப் பக்கத்துல கெடக்குன்னு காட்டணும். அது போதும்" என்றார். ஸ்கேன் செய்து முடித்தபோது பல ஆயிரம் பக்கம். அந்தப் படங்களை எழுத்தாக்க டெசராக்ட் என்கிற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். 1980களில் ஹெச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. தமிழும் படிக்கும். பழுப்பேறின தாளாக இருந்தால் துணைக்காலையும் 'ர'வையும் குழப்பும், அதைப் பிறகு கையால் திருத்திக்கொள்ளலாம். என் மெஷினில் ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் ராத்திரி வேலை.

ராத்திரி தொடங்கினதைக் காலையில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் டிசைன் வேலைக்கு மெஷின் மூச்சுவிடாது. இதற்காக இரண்டு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள் கொண்ட கோப்பு, எழுதினேன். ஒன்றுக்குப் பெயர் 'தொடங்கு', இன்னொன்று 'நிறுத்து'. தொடங்கு ஓடியதும் தன் பிராசஸ் எண்ணை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கும். பிஐடி என்பது அதுதான். நிறுத்து, அந்தக் கோப்பைத் திறந்து எண்ணைப் படித்து, அந்த நிரலை உடனே கொல்லும் 'கில் மைனஸ் 9' அனுப்பும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில், காலை ஒன்பது மணிக்கு நிறுத்து ஓடும்படி போட்டிருந்தேன். மூன்றே வரி. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நாலாவது வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாக்குப்பிடித்த வரை பிடித்து, விடியப்போகும் நேரத்தில் மெஷின் அணைந்துவிட்டது. காலையில் எட்டரைக்கு நான் வந்து பட்டனை அமுக்கினேன். வாசலில் அதற்குள் ஆள் வந்தாயிற்று. வீரவநல்லூரில் இருந்து ஒரு அம்மா, கூடவே அவருடைய அண்ணன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை. அண்ணன்தான் தாய்மாமன்.

இங்க்ஸ்கேப் என்கிற டிசைன் மென்பொருளில் உட்கார்ந்தேன். பத்திரிகையில் பெயர் வரிசை போடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. "பெரியப்பா பேரை முதல்ல போடு. அவிய இறந்துட்டாவ, பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போட்டுரு. மாமன் பேரைக் கீழ தள்ளிராத, கோவிச்சுக்கிடுவாவ" என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, அவர் அண்ணன் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிஷத்தில் ஏறக்குறைய எல்லாப் பெயரும் வந்துவிட்டது. தாய்மாமன் பெயரைத் தட்டி முடித்து, அவர் குனிந்து படிக்கும்போது ஜன்னல் மறைந்தது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. வெறும் வால்பேப்பர்.

"எம்மா, எம் பேரு எங்க போச்சு?" என்றார் அவர்.

நான் மணியைப் பார்த்தேன். ஒன்பது.

அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, திரும்பவும் முதலில் இருந்து அடித்தேன். அவர்கள் கோபப்படவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. ஆனால் சுப காரியத்துக்கு வந்த இடத்தில், தாய்மாமன் கண்முன்னால் அவர் பெயர் அழிந்தது எனக்கு நாலு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

என்ன நடந்தது என்று அன்று சாயந்தரம் உட்கார்ந்து பார்த்தேன். முந்தின நாள் கடை பூட்டுமுன் மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தேன், அது என் வழக்கம். அந்த வேலைக்குக் கிடைத்த எண் 2417. கரண்ட் போய் மெஷின் அணைந்தபோது வேலை செத்துவிட்டது, ஆனால் எண் எழுதின கோப்பு ஹார்டு டிஸ்கில் அப்படியே கிடந்தது. காலையில் மெஷின் எழுந்ததும் எண்கள் மறுபடி ஒன்றில் இருந்து ஏறத் தொடங்கின. டெஸ்க்டாப் வந்து, நான் இங்க்ஸ்கேப்பைத் திறந்தபோது அதற்குக் கிடைத்த எண்ணும் 2417. ஒன்பது மணிக்கு நிறுத்து வந்தது, கோப்பைப் படித்தது, 2417ஐக் கொன்றது. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அது செய்தது.

அன்றைக்கு 9க்குப் பதில் வேறு மெல்லிய சமிக்ஞை அனுப்பியிருந்தாலும் இங்க்ஸ்கேப் மூடித்தான் போயிருக்கும். ஆகையால் முதல் தவறு ஆளைத் தப்பாகப் பிடித்தது. இரண்டாவது தவறு, யாராக இருந்தாலும் எடுத்த எடுப்பில் 9 போட்டது. இரண்டையும் தனித்தனியாகச் சரி செய்ய வேண்டியிருந்தது.

ஆளைச் சரியாகப் பிடிப்பது எப்படி? எண் ஒரு கடைச் சாவி மாதிரி. ஆள் காலி செய்துவிட்டுப் போனால் அதே சாவி அடுத்த வாடகைக்காரருக்குப் போகும். எண்ணை மட்டும் நம்பக் கூடாது. லினக்ஸில் 'ப்ராக்' என்று ஒரு அடைவு இருக்கிறது. ஓடுகிற ஒவ்வொரு பிராசஸுக்கும் அதன் எண்ணிலேயே அங்கே ஓர் உள்ளடைவு இருக்கும். அதற்குள் 'சிஎம்டிலைன்' என்கிற கோப்பில், அந்த நிரல் எந்தக் கட்டளையால் தொடங்கப்பட்டது என்று முழுசாக எழுதியிருக்கும். இப்போது நிறுத்து முதலில் அங்கே போய்ப் பார்க்கிறது. அதில் 'தொடங்கு' என்ற பெயர் இருந்தால்தான் அடுத்த வரிக்குப் போகும். கூடவே எண் எழுதும் கோப்பை என் ஹோம் அடைவில் இருந்து 'ரன்' அடைவுக்கு மாற்றிவிட்டேன். அது ராமில் இருக்கிற இடம், கரண்ட் போனால் அதில் இருப்பதும் போய்விடும். பழைய எண் மறுநாள் வரை உயிரோடு கிடக்க வழியே இல்லை.

பெயரை வைத்துக் கொல்லும் 'பிகில்' கட்டளையை நண்பர்கள் சொல்வார்கள். சுலபம்தான், ஆனால் நான் அதை ஸ்கிரிப்டில் வைப்பதில்லை. சும்மா பெயர் கொடுத்தால் அது முதல் 15 எழுத்தைத்தான் ஒப்பிடும், நீளமான பெயர் அகப்படாது. மைனஸ் எஃப் போட்டால் முழுக் கட்டளை வரியையும் தேடும்; அப்போது டெசராக்ட் பற்றி நான் குறிப்பு எழுதி வைத்த கோப்பைத் திறந்திருக்கிற எடிட்டரும் அகப்பட்டுக்கொள்ளும், கோப்பின் பெயரில் அந்தச் சொல் இருப்பதால். கையால் அடிப்பதானால் முதலில் அதே சொல்லை 'பிகிரெப்'புக்குக் கொடுத்துப் பட்டியலைப் பார்க்கிறேன், பிறகுதான் பிகில்.

இனி அந்த 9.

கில் என்ற பெயரைப் பார்த்து அது கொல்லத்தான் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். அது ஒரு செய்தியை அனுப்புகிற கட்டளை, அவ்வளவுதான். எந்தச் செய்தி என்பதற்கு எண். 1 என்றால் லைன் கட்டாகிவிட்டது என்று அர்த்தம். தொலைபேசிக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசிய காலத்துப் பெயர் அது. டெர்மினல் ஜன்னலை மூடினால் உள்ளே ஓடுகிற வேலை நிற்பது இதனால்தான். 2 என்றால் நாம் கன்ட்ரோல் சி அமுக்கினது. 15 என்றால், வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு என்று சொல்வது. எண் ஏதும் கொடுக்காமல் கில் அடித்தால் போவது இந்த 15தான். 9 நிரலுக்குப் போவதே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நேரடியாக அந்த நிரலை இல்லாமல் ஆக்கிவிடும். அதைப் பிடிக்கவோ தள்ளிப்போடவோ எந்த நிரலாலும் முடியாது. கையில் இருப்பதை இறக்கி வைக்கக்கூட நேரம் கிடையாது.

கையில் என்ன இருக்கும் என்று கேட்கலாம். என் இன்னொரு நிரல், பைத்தானில் எழுதினது, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போடும். அதையும் இதே மாதிரி 9 போட்டுத்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். எழுதுவதை அது உடனுக்குடன் டிஸ்குக்கு அனுப்பாது. என்னிடம் இருக்கும் பதிப்பில் 8,192 பைட் வரை சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும், எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப் 8இல் மூன்று பைட். அப்படியானால் ஒவ்வொரு 9க்கும் 2,700 குறி வரைக்கும் காற்றில் போயிருக்கிறது. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது என்று மேலே எழுதினேன். குறை இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. தமிழாசிரியர் சாரிடம் கொடுத்த முதல் பகுதி அட்டவணையை இதற்காகவே திரும்ப எடுத்து முழுக்க மறுபடி ஓட்டிக் கொடுத்தேன்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பைத்தான் நிரல் 15 வாங்கினாலும், நாம் ஏற்பாடு செய்யாவிட்டால் அப்படியே விழுந்துவிடும். 2 வாங்கினால்தான் கன்ட்ரோல் சி மாதிரி எடுத்துக்கொண்டு, திறந்த கோப்புகளை மூடிவிட்டுப் போகும். 15க்கும் அப்படிச் செய்ய, சிக்னல் தொகுதியைச் சேர்த்து நாலு வரி எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

தொடங்கு, நிறுத்து மாதிரியான ஷெல் ஸ்கிரிப்டில் அதற்கு 'ட்ராப்' என்று ஒரு சொல். 15 வந்தால் இதைச் செய் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டுகிற பாஷ் ஒரு கட்டளை முடியக் காத்திருக்கும்போது 15 வந்தால், அந்தக் கட்டளை முடிந்த பிறகுதான் ட்ராப்பை நிறைவேற்றும். என் தொடங்கு ஸ்கிரிப்ட் டெசராக்டுக்கு ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். அந்த நேரத்தில் தொடங்குவுக்கு மட்டும் 15 அனுப்பினால், டெசராக்ட் கையில் இருக்கிற பக்கத்தை முடிக்கும், அதன் பிறகு ட்ராப் ஓடும், முடிந்த பக்க எண்ணைக் குறிக்கும், எண் கோப்பை அழிக்கும், வெளியேறும். நான் எதுவும் தனியாகச் செய்ய வேண்டாம். இலையில் இருக்கிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பது மாதிரி.

அதே தொடங்குவுக்கு 9 அனுப்பினால் நடப்பது வேறு. தொடங்கு சாகும். அது பெற்ற டெசராக்ட் சாகாது. தாய் பிராசஸ் போனதும் அநாதையான பிள்ளையை, மெஷினில் முதலில் ஓடத் தொடங்கும் நிரலான சிஸ்டம்டி தத்தெடுத்துக்கொள்ளும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, ஏன் இங்க்ஸ்கேப் இழுக்கிறது என்று நான் முழித்த காலைகள் உண்டு.

இப்போது நிறுத்து ஸ்கிரிப்ட் இருபத்திரண்டு வரி. ஆள் அவன்தானா என்று பார்க்கும். 15 அனுப்பும். பிறகு ஒவ்வொரு விநாடியும் 'கில் மைனஸ் 0' என்று கேட்கும். பூஜ்யம் எதையும் அனுப்பாது, அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அறுபது விநாடி பொறுக்கும், என் பக்கம் ஒன்றுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆவதால் அந்தக் கணக்கு. அதற்குப் பிறகும் இருந்தால், மறுபடி பெயரைச் சரிபார்த்துவிட்டு 9. அந்த 9ஐ மொத்தக் குடும்பத்துக்கும் அனுப்பும். அதற்காகத் தொடங்குவை 'செட்எஸ்ஐடி' வழியாகத் தொடங்குகிறேன், தாயும் பிள்ளையும் ஒரே குழுவாக இருப்பார்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் குழுவில் எல்லோருக்கும் போகும். இதைச் செய்து முடித்த பிறகுதான் படித்தேன், சிஸ்டம்டி ஒரு சேவையை நிறுத்துவதும் இதே முறைதானாம். முதலில் 15, இயல்பாக 90 விநாடி பொறுமை, பிறகு 9. அதைப் படித்தபோது வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடையில் உதவிக்கு இருக்கிற பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப நம்மளும் சரியாத்தான் செஞ்சிருக்கோம், என்னக்கா?" என்றாள். நம்மளும் என்று அவள் சொன்னது நன்றாக இருந்தது.

இன்னும் ஒன்று. வேலை முடியும் முன்பே கோப்பு உருவாகிவிடுவதால், பாதிப் பக்கத்தை முடிந்த பக்கம் என்று ஸ்கிரிப்ட் நம்பும். ஆகவே டெசராக்டைத் தற்காலிகப் பெயரில் எழுத வைத்து, முழுதாக முடிந்த பிறகு சரியான பெயருக்கு மாற்றுகிறேன். கரண்ட் நடுவில் போனாலும் எந்தப் பக்கம் நிஜமாக முடிந்தது என்று குழப்பம் இல்லை.

கொல்லாமல் நிறுத்தி வைப்பதும் உண்டு. மார்கழியில் கடையில் கூட்டம் குறைவு, பகலிலும் படிக்க விடுவேன். யாராவது அவசரமாக வந்தால் 'ஸ்டாப்' சமிக்ஞை. அவர்கள் போனதும் 'கன்ட்'. லினக்ஸில் 19, 18. விட்ட இடத்தில் இருந்தே தொடரும். எங்கள் அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். பக்கத்து வயலுக்கு முறை வந்தால் மடையை அடைப்பார், நம் முறை வந்தால் திறப்பார். மடையை அடைத்தாலும் வாய்க்காலில் நின்ற தண்ணீர் நின்ற இடத்தில்தான் நிற்கும். ஸ்டாப்பும் அப்படியே. சிபியு விடுதலையாகும், ராமில் பிடித்த இடத்தை விடாது. எட்டு ஜிபியில் இதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மடை என்றதும் நினைவு வருகிறது. வேகமாக முடிக்கலாம் என்று ஒரு தடவை நாலு டெசராக்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். முன்னைவிட மெதுவாகப் போனது. ஒவ்வொன்றும் தானே நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) எடுத்துக்கொள்வதால் பதினாறு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள். 'ஓஎம்பி த்ரெட் லிமிட்' என்ற சூழல் மாறியை 1 என்று வைத்த பிறகு சரியானது.

9ஆலும் முடியாத இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பிராசஸ் பட்டியலில் 'இசட்' என்று நிற்கும் ஜாம்பி. அது ஏற்கெனவே செத்தது. கடையில் நான் வாரத்துக்கு நாலு பேருக்குக் குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் செய்து கொடுக்கிறேன். ஆள் இறந்து போயிருப்பார், குடும்பத்தில் யாராவது வந்து சொல்லாத வரை பெயர் அட்டையில் இருக்கும். ஜாம்பியும் அப்படித்தான். தாய் பிராசஸ் வந்து மரணச் செய்தியை வாங்கிக்கொண்டால் பெயர் நீங்கும். வாங்காத தாயை நிறுத்தினால், தத்தெடுத்தவர் வந்து அந்தப் பெயரை நீக்கிவிடுவார். மற்றவர் 'டி' என்று நிற்பவர், டிஸ்குக்காகக் காத்திருப்பவர். சார் கொண்டுவந்த பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் பாதிப் படியெடுப்பில் உறைந்துபோய், எத்தனை 9 அனுப்பியும் படியெடுக்கும் சிபி கட்டளை அசையவில்லை. கேபிளைப் பிடுங்கின பிறகு பிழை என்று சொல்லிவிட்டு அதுவாகவே போனது.

முன்மேசை விண்டோஸிலும் ஒரு சின்ன பேட்ச் கோப்பு, அதாவது விண்டோஸ் ஸ்கிரிப்ட், வைத்திருக்கிறேன், 'பிரிண்டர் சரி' என்று பெயர். பிரிண்ட் வரிசையில் ஒன்று மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்பது எல்லாம் நிற்கும். அது, பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, ஸ்பூல் அடைவில் தேங்கினதைத் துடைத்து, சேவையைத் திரும்பத் தொடங்கும். அட்மினாக ஓட்ட வேண்டும். நிரலை நிறுத்தும் டாஸ்க்கில் கட்டளைக்கு அங்கேயும் மெல்லிய வழி உண்டு: ஸ்லாஷ் எஃப் போடாவிட்டால் ஜன்னலை மூடச் சொல்லிக் கேட்கும், போட்டால் கேட்காது. பிள்ளைக்கு எஃப் இல்லாததைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

சாரின் முதல் கட்டு முடிந்து, இப்போது இரண்டாவது கட்டு ஓடுகிறது. போன மாதம் மறுபடி ராத்திரி கரண்ட் போனது. காலையில் வந்து மெஷினைப் போட்டு, ஒரு பூப்புனித நீராட்டு அழைப்பிதழில் உட்கார்ந்தேன். மணி ஒன்பதைத் தாண்டியது. ஜன்னல் அங்கேயே இருந்தது. அழைப்பிதழை முடித்து, அவர்களை அனுப்பிவிட்டு, நிறுத்து எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்து பார்த்தேன். கடைசி வரி:

"09:00. எண் கோப்பு இல்லை. யாரையும் தொடவில்லை."